மாக்மா அடுக்கடுக்காய் உறைவது எப்படி? கிருஷ்ணகிரிக் கல்லின் கோடுகளும் பிளாட்டினப் படலங்களும்

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் பெயர் இரண்டு காரணங்களுக்காகச் செய்தியில் அடிபடுகிறது. சந்திரயான்-2 திட்டத்துக்காக நிலவின் மண்ணைப் போன்ற மண் தயாரிக்க இஸ்ரோவுக்குப் பாறை கிடைத்தது அங்கிருந்தும் பக்கத்துக் குன்னமலையிலிருந்தும்தான். இன்னொன்று, அங்கிருக்கும் குரோமைட் (குரோமியம் கொண்ட கறுப்புக் கனிமம்) அடுக்குகளில் பிளாட்டினம் தேடும் ஆய்வு. இரண்டிலும் 'அடுக்குப் பாறை' என்ற சொல் வருகிறது. அதைப் படிக்கும் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பு: நம் குவாரிகளில் அறுக்கும் கல்லிலும்தான் கோடு கோடாய் அடுக்கு தெரிகிறது, அப்படியென்றால் இங்கேயும் பிளாட்டினம் இருக்குமா?

கோடு தெரிவதால் மட்டும் இருக்காது. பாறையில் கோடு விழுவதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் ஒரே ஒரு வழிதான் பிளாட்டினத்தையும் குரோமியத்தையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது. அந்த வழி எது, அது நம் ஊர்க் கல்லில் ஏன் நடக்கவில்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்புதான் மாக்மா. அது மேலே வந்து கொட்டாமல், ஏற்கெனவே இருக்கும் பாறைக்குள் புகுந்து அங்கேயே உறைந்தால் அதை ஊடுருவல் பாறை என்கிறோம். விரிசலுக்குள் புகுந்து சுவர் மாதிரி செங்குத்தாக நின்றால் அது டைக். பல கிலோமீட்டர் கனத்துக்குக் கிண்ணம் போலவோ புனல் போலவோ தேங்கினால் பெரிய ஊடுருவல். அடுக்குகள் ஒழுங்காக உருவாவது பெரும்பாலும் இந்தப் பெரியவற்றில்தான்.

பாறை என்பது கனிமப் படிகங்களின் கூட்டம். இங்கே ஐந்து கனிமங்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஆலிவின் பச்சை நிறம். மக்னீசியமும் இரும்பும் கொண்டது. பைராக்சீன் கரும்பச்சை அல்லது பழுப்பு. பிளஜியோகிளேஸ் வெளிர் நிறம். கால்சியமும் சோடியமும் கொண்டது. குரோமைட்டும் மேக்னடைட்டும் கறுப்பு, கையில் எடுத்தால் கனம் தெரியும்.

பெரியது என்றால் எவ்வளவு பெரியது? தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் ஊடுருவல் சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. அதன் பரப்பு ஏறக்குறைய 65,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதி. கனம் 7 முதல் 9 கிலோமீட்டர். உலகில் அறியப்பட்ட பிளாட்டின இருப்பில் மிகப் பெரும் பகுதி இந்த ஒரே ஊடுருவலில் இருக்கிறது.

அளவு ஏன் முக்கியம் என்றால், வெப்பம் வெளியேற எடுக்கும் காலம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. 20 மீட்டர் அகலமுள்ள டைக் சில ஆண்டுகளிலேயே உறைந்துவிடும். 4 கிலோமீட்டர் கனமுள்ள ஊடுருவலுக்கு ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். படிகங்கள் தரம் பிரிய அந்த அவகாசம் தேவை.

மார்கழி நெய்யில் நடப்பது

தண்ணீர் உறைந்தால் முழுதும் பனிக்கட்டி. மாக்மா அப்படி அல்ல. அது பல பொருள்களின் கலவை, அதனால் ஒரே வெப்பநிலையில் மொத்தமாக உறையாது.

இதற்கு வீட்டு நெய்யே நல்ல உதாரணம். மார்கழிக் குளிரில் நெய்ப் பாத்திரத்தைத் திறந்து பாருங்கள். அடியில் மணல் மணலாய் வெள்ளைக் குருணை, மேலே மஞ்சளாய் இன்னும் உறையாத நெய். குருணை ஆனது எளிதில் உறையும் கொழுப்பு. மேலே நிற்பது அது பிரிந்துபோன மிச்சம். அந்த மிச்சத்தை மட்டும் தனியே ஊற்றி வைத்தால், முழு நெய் உறையத் தொடங்கிய குளிருக்கு அது அசையாது. இன்னும் குளிர வேண்டும். அதாவது, ஒரு பகுதி உறைந்ததும் மீதி இருப்பது பழைய நெய் அல்ல, வேறு கலவை.

மாக்மாவிலும் இதேதான், வெப்பநிலை மட்டும் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ். மக்னீசியம் அதிகமுள்ள மாக்மா குளிரும்போது வழக்கமாக ஆலிவினும் கொஞ்சம் குரோமைட்டும் முதலில் படிகமாகும். அவை மக்னீசியத்தையும் குரோமியத்தையும் எடுத்துக்கொள்வதால் மீதிக் குழம்பில் அவை குறைகின்றன. பிறகு பைராக்சீன், அப்புறம் பிளஜியோகிளேஸ், கடைசிக் கட்டத்தில் இரும்பு மிகுந்து மேக்னடைட். மாக்மாவுக்கு மாக்மா இந்த வரிசை சற்று மாறும். இதை ஆய்வகத்தில் பாறையை உருக்கி, உறைய வைத்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியவர் நார்மன் போவன்.

புஷ்வெல்டில் கீழிருந்து மேலே போனால் இந்த வரிசை கண்ணுக்கே தெரியும். கீழே ஆலிவின், பைராக்சீன் நிறைந்த கனமான பாறை. நடுவில் குரோமைட் அடுக்குகளும் பிளஜியோகிளேஸ் பாறைகளும். உச்சியில் மேக்னடைட் அடுக்குகள். அந்த மேக்னடைட்டில் வனேடியம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றமும் உண்டு. ஒரே பைராக்சீன்தான் என்றாலும் மேலே போகப் போக அதற்குள் மக்னீசியம் குறைந்து இரும்பு கூடும். வேதிப் பகுப்பாய்வு செய்தால்தான் அது பிடிபடும். ஒரு பாறைத் தொகுதி ஒரே மாக்மாவிலிருந்து படிப்படியாக உறைந்ததா என்று சொல்ல, வண்ணக் கோடுகளைவிட இந்த மறைந்த மாற்றம்தான் நம்பகமான சாட்சி.

படிகங்கள் மூழ்கிப் படிந்தனவா?

கேழ்வரகில் கல் அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த படி சுலபம். சட்டியில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றினால் தானியம் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் தங்கும். கனமானது கீழே, லேசானது மேலே. மாக்மா அறையிலும் (ஊடுருவிய மாக்மா தேங்கி நிற்கும் இடம்) கனமான படிகம் மூழ்கித் தரையில் படிந்திருக்கும் என்பதுதான் நூறாண்டுப் பழைய விளக்கம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆலிவினின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 3.3 கிராம், மாக்மா சுமார் 2.7. மாக்மா தண்ணீரைவிடப் பல பத்தாயிரம் மடங்கு கெட்டியானது, தேனைவிடவும் கெட்டி. அப்படியிருந்தும் 2 மில்லிமீட்டர் ஆலிவின் படிகம் அதில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் மூழ்கும். உறைவதற்கு ஒரு லட்சம் ஆண்டு இருக்கும்போது இது போதும் போதும் என்கிற வேகம்.

கிழக்கு கிரீன்லாந்தின் ஸ்கேர்கார்ட் ஊடுருவலை 1930-களில் ஆராய்ந்த லாரன்ஸ் வேகரும் டியரும் இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்த்தார்கள். அங்கே ஒவ்வொரு அடுக்கிலும் அடியில் கறுப்புக் கனிமங்கள், மேலே போகப் போக வெளிர் கனிமங்கள். ஆற்றுப் படுகையில் மணல் படிந்த மாதிரியே குறுக்குச் சாய்வுகள்கூட உண்டு.

ஆனால் பிளஜியோகிளேஸ் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அதன் அடர்த்தியும் சுமார் 2.7. மாக்மாவின் அடர்த்தியும் அதே. அது மூழ்கவும் மூழ்காது, மிதக்கவும் மிதக்காது. ஸ்கேர்கார்டில் குழம்பு போகப் போக இரும்பு மிகுந்து இன்னும் கனத்தது, அப்போது பிளஜியோகிளேஸ் மிதந்திருக்க வேண்டும். ஆனால் அது தரை அடுக்குகளில் தாராளமாகக் கிடக்கிறது. 1979-இல் மெக்பர்னியும் நாய்ஸும் இந்த முரணைச் சுட்டிக்காட்டி, படிகங்கள் மேலிருந்து விழவில்லை, பெரும்பாலும் தரையிலேயே ஒட்டி வளர்ந்தன என்று வாதிட்டார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஒரே விளக்கம் எல்லா அடுக்குக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு என்பது என் கருத்து. பாறையைப் பார்த்தால் கீழே சொல்லும் வழிகள் எல்லாமே எங்கோ ஓரிடத்தில் நடந்திருக்கின்றன.

அடுக்குப் பிரியும் வழிகள்

1. படிதலும் சரிவும். அறையின் சுவரோரம் குளிர்ந்த குழம்பு படிகங்களைச் சுமந்துகொண்டு தரையில் சரிந்து ஓடும். ஓட்டம் அடங்கும்போது கனமானவை முதலில், லேசானவை பிறகு. கீழே கறுத்து மேலே வெளுக்கும் அடுக்குகள் பெரும்பாலும் இப்படி வந்தவை.

2. தரையிலேயே வளர்தல். ஒரு கனிமம் வளரும்போது தன்னைச் சுற்றியுள்ள குழம்பிலிருந்து தனக்கு வேண்டியதை உறிஞ்சிவிடும். அது தீர்ந்ததும் அங்கே மற்றொரு கனிமத்தின் கை ஓங்கும். இப்படி மாறி மாறி விரற்கடை அளவு மெல்லிய பட்டைகள் உருவாகும்.

3. புதிய மாக்மா வருதல். பாதி உறைந்த அறைக்குள் அடியிலிருந்து புதுக் குழம்பு பாயும்போது கலவை ஒரேயடியாக மாறுகிறது. வரிசையில் பின்னோக்கிப் போய் மறுபடி ஆலிவினிலிருந்து தொடங்கும். ஒரே வகை அடுக்குகள் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

4. இறுகுதல். தரையில் சேர்ந்த படிகக் கூழ் முழுக் கல்லாக மாறும் முன் மேலுள்ள சுமையால் அமுங்கும். இடையில் இருந்த குழம்பு பிழிந்து மேலே ஏறும். சிறு படிகம் கரைந்து பெரியது வளரும். மங்கலாக இருந்த எல்லை இதில் கூர்மையாகும்.

5. பிற்பாடு நுழைதல். உறைந்த, அல்லது பாதி உறைந்த அடுக்குகளுக்கு நடுவே புதுக் குழம்பு தகடாகப் புகுந்து உறையலாம். அப்படியென்றால் கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்ற சட்டம் உடைகிறது. புஷ்வெல்டில் அண்மைக்கால வயதுக் கணிப்புகள் சில இதைத்தான் சுட்டுகின்றன.

ஒரு மீட்டர் குரோமைட்டுக்கு எவ்வளவு மாக்மா?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வியப்பான இடம் இதுதான். புஷ்வெல்டில் ஒரு மீட்டர் கனத்துக்குக் கிட்டத்தட்டச் சுத்தமான குரோமைட் அடுக்குகள் கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன. ஆலிவினும் குரோமைட்டும் சேர்ந்து படிகமாகும்போது குரோமைட்டின் பங்கு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அப்படியிருக்க, வேறு எதுவும் கலக்காமல் குரோமைட் மட்டும் எப்படிப் படிந்தது?

1970-களில் நீல் இர்வின் கொடுத்த விளக்கம்: பாதி உறைந்த பழைய குழம்பும் புதிதாக வந்த குழம்பும் கலக்கும்போது, கிடைக்கும் கலவை சிறிது நேரம் குரோமைட்டை மட்டுமே படிகமாக்கும் நிலைக்குப் போகும். சுற்றியுள்ள பாறையிலிருந்து சிலிக்கா உருகிக் கலந்தாலும் இதே விளைவு. அந்தக் குறுகிய இடைவெளியில் குரோமைட் மட்டும் வெளியேறிப் படியும். பிறகு கலவை பழைய பாதைக்குத் திரும்பிவிடும்.

சரி, அளவு ஒத்துப்போகிறதா? ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மீட்டர் கனக் குரோமைட் அடுக்கு இருந்தால் எடை 4 டன்னுக்கு மேல். அதில் குரோமியம் மட்டும் சுமார் 1,100 கிலோ. மாக்மாவில் டன்னுக்கு அரைக் கிலோ குரோமியம் பிரித்தெடுக்க முடிந்தால், ஒரு கன மீட்டர் மாக்மா தருவது ஒன்றே கால் கிலோவுக்குச் சற்று அதிகம். கணக்கை முடித்தால், அந்த ஒரு மீட்டர் அடுக்குக்கு மேலே எண்ணூறு மீட்டருக்கும் அதிக உயரத்துக்கு மாக்மா நின்றிருக்க வேண்டும். இத்தனைக்கும் அங்கே குரோமைட் அடுக்கு ஒன்றல்ல, பல.

அவ்வளவு மாக்மாவும் உறைந்து இன்று அறைக்குள் இருந்தால் ஊடுருவல் இப்போதிருப்பதைவிடப் பல மடங்கு கனமாக இருந்திருக்கும். அப்படி இல்லை. ஆகவே குரோமியத்தை இறக்கிவிட்டு மாக்மா வேறெங்கோ போயிருக்கிறது. மூடி வைத்த பானை என்ற படத்தை விட்டுவிட்டு, குழம்பு வந்து தங்கிப் போகும் வழித்தடம் என்று இந்த அறையை நினைத்தால்தான் கணக்கு நேராகிறது.

பிளாட்டினம் சேரும் விதம்

சாதாரண மாக்மாவில் பிளாட்டினம் டன்னுக்கு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு அளவுதான். தோண்டி எடுக்கக் கட்டுப்படியாக வேண்டுமானால் டன்னுக்குச் சில கிராமாவது தேவை. சில நூறு மடங்கு செறிவாக வேண்டும்.

இந்த வேலையைச் செய்வது கந்தகம். மாக்மாவில் கந்தகம் கரையும் எல்லையைத் தாண்டினால், இரும்பு-கந்தகக் குழம்பு துளித்துளியாகப் பிரியும், ரசத்தில் எண்ணெய் பிரிவது மாதிரி. ஒரு வித்தியாசம், இந்தத் துளி கனமானது, கீழே இறங்கும். பிளாட்டினத்துக்கும் பல்லேடியத்துக்கும் அந்தத் துளியின் மேல் அபாரமான ஈர்ப்பு. மாக்மாவில் இருப்பதைவிடப் பல பத்தாயிரம் மடங்கு துளிக்குள் போய்ச் சேரும். ஒரு சிறு துளி எவ்வளவு அதிக மாக்மாவோடு உரசிச் செல்கிறதோ அவ்வளவு பிளாட்டினம் திரட்டும்.

1924-இல் புஷ்வெல்டில் ஹான்ஸ் மெரன்ஸ்கி கண்டறிந்த பிளாட்டினப் படலம், பல கிலோமீட்டர் கனமுள்ள ஊடுருவலுக்குள் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவான ஒரு பட்டை. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குத் தொடர்கிறது. சுரங்கம் தோண்டுபவர்கள் அந்த ஒற்றைப் பட்டையைப் பிடித்துக்கொண்டுதான் ஆழத்துக்குப் போகிறார்கள். எந்த அடுக்குக்கு மேலே எது வரும் என்ற வரிசை தெரியாவிட்டால் அங்கே ஒரு துளைகூடச் சரியாகப் போட முடியாது.

நம் பக்கத்துக் கல்

இப்போது கிருஷ்ணகிரி, தருமபுரிக்கு வருவோம். இங்கே மூன்று வகையைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 'பாரடைசோ' என்ற பெயரில் விற்கும், ஊதா கலந்த இளஞ்சிவப்பில் கருங்கோடுகள் சுழித்தோடும் கல். பாலிஷ் போட்ட பலகையைக் கிட்டே போய்ப் பாருங்கள். கருங்கோடு நேராக ஓடாது. வளையும், மடியும், ஓரிடத்தில் மெலிந்து அறுந்துபோய் அடுத்த இடத்தில் பருத்து நிற்கும். வெளிர்ப் பட்டை சில இடங்களில் கருங்கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். இது மாக்மா அறையில் படிந்த அடுக்கு அல்ல. பூமியின் ஆழத்தில் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பழைய பாறை கடும் வெப்பத்தில் பாதி உருகி, அழுத்தத்தில் பிசைபட்டு உண்டான நைஸ் வகை. உருகிய பகுதி வெளிர்ப் பட்டை, உருகாமல் தங்கியது கருங்கோடு. பரோட்டா மாவை இழுத்து மடித்துச் சுருட்டினால் வரும் வரி போன்றது. அழகுக் கல்லாக இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் பிளாட்டினத்தைச் சேர்த்துத் தரும் எந்த வேலையும் இதில் நடக்கவில்லை.

இரண்டாவது, 'பிளாக் கிரானைட்' என்று விற்கும் கருங்கல். வணிகப் பெயர்தான் கிரானைட், பாறை டோலரைட். இது உண்மையாகவே மாக்மா ஊடுருவி உறைந்தது, பாரடைசோவைப் போல இன்னொரு பாறை மாறி வந்ததல்ல. நைஸைக் கிழித்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடும் டைக்குகள் இவை, வயது சுமார் 240 கோடி ஆண்டு. மானாவாரி நிலங்களுக்கு நடுவே கறுப்பு உருண்டைப் பாறைகள் ஒரே நேர்கோட்டில் வரிசையாகக் கிடந்தால் அடியில் டைக் ஓடுகிறது என்று பொருள். இதில் பைராக்சீனும் பிளஜியோகிளேஸும் இருக்கின்றன, அதாவது புஷ்வெல்டின் சரக்கேதான். ஆனாலும் அடுக்கு இல்லை, ஏனென்றால் சுவர் போன்ற மெல்லிய உடம்பு, சீக்கிரம் குளிர்ந்துவிட்டது. படிகம் இறங்கவும் பிரியவும் நேரம் கிடைக்கவில்லை. டைக்கின் ஓரத்தில் ஒரு துண்டும் நடுவில் ஒரு துண்டும் எடுத்து ஈரப்படுத்திப் பார்த்தால் இது விளங்கும். ஓரத்துக் கல்லில் தனித்தனிப் படிகம் கண்ணுக்குத் தெரியாது, மை போல ஒரே கறுப்பு. நடுக்கல்லில் கறுப்புக்கு நடுவே பிளஜியோகிளேஸ் குச்சிகள் சாம்பல் நிறத்தில் குறுக்கும் நெடுக்குமாய்க் கிடக்கும். ஓரம் உடனே உறைந்தது, நடு கொஞ்சம் தாமதித்தது. அந்தக் கருமை சீராக, பட்டையே இல்லாமல் இருப்பதால்தான் இந்தக் கல்லுக்குச் சந்தையில் விலை. அடுக்கு உருவாகாததே இங்கே லாபம்.

மூன்றாவது, ஊத்தங்கரை வட்டத்துச் சாமல்பட்டி. ஆலிவின் மிகுந்த டியூனைட், பைராக்சினைட், சையனைட் (வெளிர் நிற ஊடுருவல் பாறை), கார்பனேட் மாக்மாவிலிருந்து வந்த கார்பனடைட் எல்லாம் ஒரே வளாகத்தில் உண்டு. ஒகேனக்கல் பக்கத்திலும் கார்பனடைட் இருக்கிறது. இவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை அல்ல, திட்டுத் திட்டாக அமைந்தவை. இவற்றின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

சித்தம்பூண்டி ஏன் வேறு?

சித்தம்பூண்டியில் முக்கியப் பாறை அனார்த்தோசைட். கிட்டத்தட்ட முழுக்கப் பிளஜியோகிளேஸால் ஆனது, வெளிர் நிறம். அதற்குள் கறுப்புக் குரோமைட் பட்டைகள் அடுக்காக ஓடுகின்றன. ஏ.பி. சுப்ரமணியம் 1956-இல் இதன் கனிமங்களை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய இந்த ஊடுருவல் பிறகு ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் பட்டு நிறைய மாறிவிட்டது. என்றாலும் அடுக்கு அழியவில்லை. இங்குள்ள குரோமைட்டில் இரும்பும் அலுமினியமும் அதிகம், அதனால் எஃகுத் தொழிலுக்கு வேண்டிய உயர்தரச் சரக்கு அல்ல. பிளாட்டினத் தேடலுக்குக் காரணம், மேலே சொன்ன வழியில் குரோமைட் அடுக்கும் பிளாட்டினமும் உலகின் பல இடங்களில் சேர்ந்தே கிடைப்பது. அடுக்கு இருக்கிறது என்றால் தேட ஓர் இடம் இருக்கிறது என்று பொருள். கிடைத்துவிட்டது என்று பொருள் அல்ல.

நிலவுத் தொடர்பும் இந்த அனார்த்தோசைட்டால்தான். நிலவு பிறந்த புதிதில் அதன் மேற்பகுதி முழுக்க மாக்மாக் கடலாக இருந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அந்தக் குழம்பு பிளஜியோகிளேஸைவிடக் கனமாக இருந்ததால் பிளஜியோகிளேஸ் அதில் மிதந்தது. பாலில் ஆடை கட்டுவதுபோல மேலே திரண்டு நிலவின் வெளிர்ப் பகுதிகளானது. ஆலிவினும் பைராக்சீனும் அடியில் தங்கின. 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கிய சந்திரயான்-3 தன் ஊர்தியைக் கொண்டு அளந்த மண்ணின் வேதிச் சேர்க்கையும் இந்தக் கருத்தோடு ஒத்துப்போனது. நிலவின் பிளஜியோகிளேஸில் கால்சியம் மிக அதிகம், சித்தம்பூண்டியிலும் அப்படியே. இஸ்ரோ இந்தப் பாறையை அரைத்து நிலவு மண்ணுக்கு மாற்றாக்கியதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கோட்டைப் பார்த்ததும் என்ன கேட்க வேண்டும்?

1. கோடு ஒரே கனத்தில் நெடுந்தூரம் தொடர்கிறதா, அல்லது சுழித்து மடிந்து அறுந்து போகிறதா? சுழித்தால் நைஸாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. பட்டையின் ஒரு பக்க எல்லை கூர்மையாகவும் மறுபக்கம் படிப்படியாக வெளுத்தும் இருக்கிறதா? அப்படியென்றால் மாக்மாவில் படிந்ததா என்று மேலும் ஆராயலாம்.

3. ஒரே கனிமத்தின் வேதிச் சேர்க்கை ஒரு திசையில் சீராக மாறுகிறதா? இதற்கு ஆய்வகம் வேண்டும். மற்ற இரண்டும் குறிப்புகள், இதுதான் ஆதாரம்.

சித்தம்பூண்டி போன்ற இடத்தில் இரண்டாம் கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு. அங்கே அடுக்குகள் கிடையாக இல்லை, மடிந்து செங்குத்தாய்ச் சாய்ந்து நிற்கின்றன. அன்றைய மாக்மா அறையின் தரை இன்று கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்பது வெறுமனே பார்த்தால் தெரியாது. பட்டையின் கூர்மையான கரிய எல்லை எந்தப் பக்கமோ அதைத் தரைப் பக்கமாக முதலில் எடுத்துக்கொண்டு, கனிம வேதியியலைக் கொண்டு சரிபார்த்த பிறகே எங்கே துளையிடுவது என்று முடிவு செய்ய முடியும்.